டப்பா தேடி ஹார்ட்ஸ் மலைக்கு

அக்டோபர் 2, வியாழன் இரவு, ஆல்டெனாவ்

பஸ் மலை ஏறும்போதே இருட்டிவிட்டது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் இருக்கும் ஆல்டெனாவ் ஊரில் இறங்கியபோது மணி எட்டரை. நான், ஆறாவது படிக்கும் மகள், கோட்டிங்கனில் வனவியல் படிக்கும் என் தம்பி, மூன்று பேர். வாடகை வீட்டுப் பாட்டி வாசல் விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவர் கேட்டது, "நாளைக்கு ரொட்டிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

நாளை அக்டோபர் 3. ஜெர்மனி ஒன்றுபட்ட நாள், பொது விடுமுறை, கடைகள் எல்லாம் அடைப்பு. அது என் நினைவிலேயே இல்லை. பையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருபது, கொஞ்சம் வாழைப்பழம், அவ்வளவுதான். பாட்டி உள்ளே போய் அரை ரொட்டி, ஆறு முட்டை, அவரே செய்த பிளம் ஜாம் ஒரு பாட்டில் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. நான்கு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினேன். ஒன்றைச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டார். "ஜியோகேச்சிங்" என்றாள் மகள். "ஓ, டோஸெ தேடுபவர்களா" என்றார் பாட்டி. குரல் கொஞ்சம் இறங்கியது போல எனக்குப் பட்டது.

டோஸெ என்றால் டப்பா. நாங்களும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். யாரோ ஒருவர் ஓரிடத்தில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனையோ ஜிபிஎஸ் கருவியையோ வைத்துக்கொண்டு தேடிப்போய், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். 2000 மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு எடுத்துவிட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊர்ப்பக்கம் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். எல்லாம் அங்கே தொடங்கியதுதான். அந்த வாளியில் ஒரு டின் பீன்ஸ்கூட இருந்தது. இன்றைக்கு மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் கூடாது, டப்பாவில் உணவு வைப்பதும் கூடாது. வாசனை பிடித்துக் காட்டு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துக் குதறிவிடும், பிளாஸ்டிக்கும் வயிற்றுக்குள் போகும். இருபத்தைந்து வருஷத்தில் இந்த விளையாட்டு கற்றுக்கொண்ட பாடங்களில் இது ஒன்று.

மகளை அலைபேசித் திரையிலிருந்து காட்டுக்குக் கொண்டுவந்தது இந்த விளையாட்டுதான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் பாட்டியின் குரல் இறங்கியது மனதிலேயே நிற்கிறது. நாளை கேட்க வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி, டோர்ஃப்ஹவுஸ் – ப்ரோக்கன்

காலை ஐந்து டிகிரி, நல்ல வெயில். இங்கே தங்குபவர்கள் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தங்கல் வரி கட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கும் அட்டையைக் காட்டினால் மலைப் பகுதி பஸ்ஸில் டிக்கெட் கேட்பதில்லை. டோர்ஃப்ஹவுஸில் இறங்கினால் திருவிழாக் கூட்டம். விடுமுறை, வெயில் இரண்டும் சேர்ந்தால் ஹனோவர், பிரவுன்ஷ்வைக் மக்கள் பாதிப் பேர் இங்கேதான் வருவார்கள் போல.

ஹார்ட்ஸ் மலையில் ஏறக்குறைய 247 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. முன்பு, பழைய கிழக்கு, மேற்கு ஜெர்மனி எல்லைக்கு இந்தப்புறம் ஒன்று, அந்தப்புறம் ஒன்று என்று இருந்தவை 2006-ல் ஒன்றாயின. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது இதற்குள் சட்டம்.

முதலில் சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதை. காலுக்குக் கீழே செம்மஞ்சளும் பச்சையும் கலந்த பாசிமெத்தை. இந்தப் பாசி முழுதாக மட்காமல் படிந்து படிந்துதான் பீட் என்னும் கரிமண் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றான் தம்பி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மகள் பலகைக்கு அந்தப்புறம் கையைக் காட்டினாள். இரண்டு ஷூ பள்ளங்கள். யாரோ ஒருவர் ஒரே ஓர் அடி இறங்கி, பயந்து திரும்பி ஏறியிருக்கிறார். பள்ளம் அரைச் சாண் ஆழம் இருக்கும், டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. ஓரத்தில் பாசி கிழிந்து வெளுத்துப்போயிருக்கிறது. அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "பத்து சென்டிமீட்டர்னா நூறு வருஷமா மாமா?" தம்பி ஆமாம் என்று தலையாட்டினான். புகைப்படம் எடுக்க இறங்கினார்களா, டப்பா தேடி இறங்கினார்களா, வேறு எதற்காவதா என்பது தெரியாது. பள்ளம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் விழும்.

அப்புறம் கோதே வழி. 1777 டிசம்பரில் கவிஞர் கோதே இந்தப் பக்கமிருந்து ஏறியதால் அந்தப் பெயர். ஹார்ட்ஸின் உயர்ந்த மலையான ப்ரோக்கன் உச்சிக்கு எட்டு கிலோமீட்டர். கொஞ்ச தூரம் ஒரு பழைய வாய்க்காலை ஒட்டி நடை, அதுவரை சுகம். அதற்குப் பிறகு வந்ததைப் பார்த்து மகள் நின்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டிய வரை காய்ந்த ஸ்ப்ரூஸ் மரங்கள். பட்டை உரிந்து சாம்பல் நிறத்தில், நட்டுவைத்த கம்பங்கள் மாதிரி நிற்கின்றன.

சுரங்க வேலைக்கு மரம் தேவைப்பட்டு இந்த மலையின் பழைய இலைக்காடுகளை வெட்டினார்கள். பிறகு வேகமாக வளரும் என்று ஸ்ப்ரூஸை வரிசை வரிசையாக நட்டார்கள். 2018-லிருந்து தொடர்ந்து வறட்சி. தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் சுரக்காது. பிசின்தான் பட்டை வண்டுக்கு எதிரான அதன் முக்கிய ஆயுதம். வண்டு பரவியது, காடு காய்ந்தது. தம்பி பாதையில் கிடந்த ஒரு பட்டைத் துண்டைத் திருப்பிக் காட்டினான். நடுவில் ஒரு நேர்கோட்டுச் சுரங்கம், தாய் வண்டு முட்டையிட்டுக்கொண்டே போன வழி. அதன் இரண்டு பக்கமும் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோடும் நூலிழை போல ஆரம்பித்து, புழு வளர வளர அகலமாகி, ஓர் அரிசி அளவுக் குழியில் முடிகிறது. பார்த்தால் ஓலைச்சுவடி மாதிரி இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இந்த வண்டுக்குப் 'புக்ட்ரூக்கர்' என்று பெயர், புத்தகம் அச்சடிப்பவர் என்று பொருள். மகள் அதை வீட்டுக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டாள். இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்றதும் படம் எடுத்துக்கொண்டு, இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தாள்.

பூங்காவின் பெரும்பகுதியில் இந்த மரங்களை அகற்றுவதில்லை, பாதையோரத்தில் ஆபத்தானவற்றை வெட்டுகிறார்கள். காய்ந்து நிற்கும் மரங்களுக்கு அடியில் இப்போதே பிர்ச், ரோவன் கன்றுகள் இடுப்பளவு. காய்ந்த மரம் என்றால் செத்த இடம் என்று நானும் நினைத்திருந்தேன். பட்டைக்கு அடியில் பூஞ்சை, வண்டுகள், அவற்றைத் தின்னும் மரங்கொத்தி என்று அங்கே வேறொரு குடித்தனம் நடக்கிறது. டப்பா தேடுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காய்ந்த மரம்தானே என்று பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது. நானும் செய்திருக்கிறேன். இனி மாட்டேன்.

ஏற்றத்தில் பாதி வந்ததும் மகளின் போன் ஒலித்தது. அம்பு பாதைக்கு வலப்புறம் காட்டியது, நாற்பது மீட்டர். ப்ளூபெர்ரிப் புதர்களுக்கு நடுவே ஒற்றையடித் தடம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவள் ஒரு காலைத் தூக்கிவிட்டாள். பின்னாலிருந்து "ஹலோ, அங்கே ஒன்றும் இல்லை" என்று ஒரு குரல். பூங்கா ரேஞ்சர், ஐம்பது வயது இருக்கும், பெரிய தொப்பி. முகத்தில் கோபமே இல்லை. போனை வாங்கிப் பார்த்தார். "இந்த டப்பாவை இரண்டு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டோம். பட்டியலிலிருந்தும் நீக்கியாகிவிட்டது. நீங்கள் பழைய பட்டியலை இறக்கி வைத்திருக்கிறீர்கள்." உண்மைதான். மலையில் சிக்னல் இருக்காது என்று எப்போதோ இறக்கியது.

"மூன்று பேர்தானே" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அவர் சொன்ன பதிலை நான் அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன். "மூன்று பேர் என்றால் புதர் தானாக நிமிர்ந்துவிடும். ஆனால் அந்த அம்பு எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கூப்பிடுகிறது. டப்பா போய்விட்டது, அம்பு போகவில்லை. பாருங்கள், தடம் இன்னும் மூடவில்லை."

வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு நடந்தோம். ஜிபிஎஸ் என்னதான் துல்லியம் என்றாலும் மரத்தடியில் ஐந்து முதல் பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், பாறையோரத்தில் இன்னும் மோசம். எட்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலே, தேடுபவர் சுற்றி மிதிக்கும் வட்டம் 200 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு. ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவுக்காக, ஒவ்வொருவரும் வந்து ஒரு கிரவுண்டு காட்டை மிதித்துத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறோம். குப்பை போடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். 2002-லிருந்து உலகம் முழுக்க டப்பா தேடுபவர்கள் கூடிக் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன, ஹனோவரில் நாங்களும் போயிருக்கிறோம். கை சுத்தமாக இருக்கிறது. காலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

உச்சி 1141 மீட்டர். கீழே இருந்த வெயில் மேலே இல்லை. வருஷத்தில் 300 நாள் மூடுபனி இருக்கும் இடம், இன்றும் அப்படியே. காற்று ஆளைத் தள்ளியது. பட்டாணி சூப் கிண்ணம் ஏழு யூரோவுக்கு மேல், தம்பிக்கு சாசேஜோடு, எங்கள் இருவருக்கும் சாதா. நம் ஊர்க் கெட்டிப் பருப்பில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட மாதிரி, உப்பு மட்டும் தூக்கல். ஐந்து டிகிரியில் அதைவிட ருசியான பொருள் கிடையாது. மேசையில் இடம் இல்லாமல் நின்றபோது ஒரு குடும்பம் தங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு பெஞ்சில் இடம் விட்டது. அதில் தாத்தா கிழக்குப் பக்கத்துக்காரர். வருஷக்கணக்கில் கண்ணால் பார்த்தும் வர முடியாத மலை இது, சுற்றிலும் ராணுவச் சுவர் என்றார். 1989 டிசம்பர் 3 அன்று மக்கள் திரண்டு வந்து கதவைத் திறக்கச் சொன்ன கூட்டத்தில் அவரும் இருந்தாராம். இன்றைய தேதியில் அதை அவர் வாயால் கேட்டது எனக்குப் பெரிய விஷயம்.

உச்சியில் இன்னொரு வகைத் தேடலும் செய்தோம். டப்பாவே கிடையாது. குறிப்பிட்ட பாறையிடம் போய், பார்த்து, அளந்து, கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். 2004-ல் அமெரிக்க நிலவியல் சங்கம் தொடங்கியது, எர்த்கேஷ் என்பார்கள். "டப்பா இல்லையா?" என்று மகளுக்கு முதலில் ஏமாற்றம். பிறகு ஏறக்குறைய 29 கோடி வருஷப் பழைய கிரானைட்டில் இளஞ்சிவப்புப் படிகங்களைத் தன் சுண்டுவிரல் நகத்தோடு ஒப்பிட்டு அளந்துகொண்டிருந்தாள். குளிரில் விரல் சிவந்த பிறகும் வர மறுத்தாள். பாதையோரக் கம்பங்களில் சின்ன முத்திரைப் பெட்டிகளும் இருக்கின்றன. ஹார்ட்ஸ் முழுக்க 222. புத்தகம் வாங்கிவைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நின்று முத்திரை குத்துகிறார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கம்பத்தைச் சுற்றித் தேய்ந்த மண், ஏற்கெனவே பாதையாக இருந்த மண்.

இறங்கும்போது கால் கெஞ்சியது. பதினாறு கிலோமீட்டர். இரவு குளிக்கப் போன தம்பி "அக்கா, ஒரு ட்வீசர் குடு" என்று கத்தினான். முழங்காலுக்குப் பின்னால் உண்ணி. நல்லவேளை, கடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தலையோடு வந்துவிட்டது.

அக்டோபர் 4, சனி, டாம்கிராபன்

இன்று புயல் எச்சரிக்கை. மதியத்துக்கு மேல் காட்டுக்குள் இருக்காதீர்கள் என்று பாட்டி மூன்று முறை சொன்னார். பேக்கரி திறந்திருந்தது, சூடான ரொட்டி உருண்டை எட்டு வாங்கினோம். எட்டரைக்கெல்லாம் டாம்கிராபன் என்ற பழைய வாய்க்காலின் கரையில் இருந்தோம்.

சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கவும் தாது தூக்கவும் ஒரு காலத்தில் தண்ணீர்ச் சக்கரம்தான் ஒரே வழி. அதற்காக மலையின் மழையையெல்லாம் பிடித்து, ஏரி கட்டி, சரிவோடு சரிவாக மெல்லிய இறக்கத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். டாம்கிராபன் அதில் பெரியது, 1732-ல் ஆரம்பித்தது. மொத்த அமைப்பும் 2010-லிருந்து யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வாய்க்காலின் இரு புறமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர். கசிவை அடைக்க உள்ளே புல்கரணை. கரைமேல் ஒருவர் நடக்கிற அளவுக்குப் பாதை. தண்ணீர் சத்தமே இல்லாமல் போகிறது. நம் ஊர் ஆற்றுக்கால் ஓரம் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு, நிழல் மட்டும் ஜாஸ்தி.

இங்கே ஒரு டப்பா. குறிப்பு: "கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில்." அந்த இடத்துக்கு வந்ததும் மூவரும் பேசவில்லை. சுவரில் ஒரு ஆள் நீளத்துக்குக் கற்கள் பிடுங்கியிருந்தன. ஏழெட்டு கல் வாய்க்காலுக்குள் கிடந்தது. ஒரு கல்லைக் கவனித்தேன். ஒரு பக்கம் காற்று பட்டு, பச்சைப் பாசி படர்ந்து வழவழவென்று. மறுபக்கம் உளி பட்ட மாதிரியே வெளிறி, புதிதாக. எத்தனையோ வருஷமாக வெளிச்சம் பார்க்காத முகம். அது இருந்த பொந்தில் மண் உதிர்ந்து, உள்ளே ஈரப் புல்கரணை கிழிந்து தொங்கியது.

இணையப் பட்டியலில் இந்த டப்பாவைத் தேடியவர்களின் பழைய பதிவுகளைப் படித்தேன். "அரை மணி நேரம் ஒவ்வொரு கல்லாக அசைத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை." "மழையில் ஒரு மணி நேரம், தோல்வி." யாரும் கெட்டவர்கள் இல்லை. சந்தோஷமாகத் தேடியிருக்கிறார்கள்.

தம்பி கைகளைப் பையில் விட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தான். பத்தடி தள்ளி ஒரு சிறு மரப்பாலம். கல்கரைக்கும் தண்ணீருக்கும் மேலே. அதன் இரும்புக் கைப்பிடியின் அடியில் கையைவிட்டான், காந்தத்தில் ஒட்டிய சின்ன டப்பா கையோடு வந்தது. சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒளித்தவர் நல்ல இடத்தில்தான் ஒளித்திருக்கிறார். மூன்று வார்த்தைக் குறிப்பு ஒன்று அந்தச் சுவரைப் பிரித்துப் போட்டிருக்கிறது.

கற்களைத் திரும்ப அடுக்கலாம் என்று மகள் குனிந்தாள். தம்பி தடுத்தான். எந்தக் கல் எதன்மேல் என்று தெரியாமல் சொருகினால் தண்ணீர் அழுத்தத்தில் இன்னும் சரியும், இதைத் தெரிந்தவர்தான் கட்ட வேண்டும். படம் எடுத்து, பராமரிப்பு வேண்டும் என்று ஒளித்தவருக்கு எழுதினேன். குறிப்பில் பாலம் என்ற சொல்லைச் சேருங்கள், சுவரைத் தொட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு மரஉச்சிகளில் கடல் மாதிரி ஓர் இரைச்சல். எங்கோ சரிவில் படாரென்று ஒரு சத்தம், பின்னாலேயே நிலம் அதிர்ந்த மாதிரி. காய்ந்த ஸ்ப்ரூஸ் வேரோடு சாய்ந்திருக்கிறது. மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மீதம் இரண்டு டப்பா இருந்தன. திரும்பி நடந்தோம், கடைசி அரை மணி நேரம் நல்ல மழை, ஷூவுக்குள் குளம்.

மதியம் பாட்டி கூப்பிட்டு உட்கார வைத்து, கிரீம் அடைத்த விண்ட்பாய்டல் கொடுத்தார். மகளின் முகம் அளவு ஒரு பன். சுவர் கதையைச் சொன்னேன். அவர் கணவர் பாட் குருண்ட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1992-ல் அது மூடும் வரை. மேல் ஹார்ட்ஸின் கடைசிச் சுரங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நண்பர்களோடு போய்ச் சரிந்த வாய்க்கால் சுவர்களை அடுக்குவாராம், சம்பளம் இல்லாமல். "ஒரு மீட்டருக்கு ஒரு நாள் ஆகும்" என்றார் பாட்டி. முந்தாநாள் இரவு குரல் இறங்கியதற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது. எங்களைக் குறை சொல்லவில்லை. காபியை ஊற்றினார்.

அக்டோபர் 5, ஞாயிறு, திரும்பும் நாள்

காலையில் காற்று தணிந்த மாதிரி இருந்ததால் ஊரை ஒட்டிய ஒரு பழைய சுரங்க வாயில் வரை போனோம். அகன்ற சாலைதான், மரம் விழும் பயம் குறைவு. வாயிலை இரும்புக் கம்பிக் கதவு மூடியிருக்கிறது. கம்பிகள் குறுக்குவாட்டில், இடைவெளிவிட்டு. மனிதன் நுழைய முடியாது, வௌவால் நுழையலாம்.

அங்கே தலைவிளக்குக் கட்டிய இரண்டு இளைஞர்கள். கதவின் ஓரத்தில் மண் அரித்து ஒரு சந்து உண்டாகியிருந்தது, அதில் ஒருவர் பாதி நுழைந்திருந்தார். உள்ளே ஒரு டப்பா உண்டு, ஐந்து நட்சத்திரக் கடினம் என்றார் மற்றவர். தம்பி அவர்களிடம் நிதானமாகத்தான் பேசினான். வௌவால்கள் உறங்கப்போகும் இடங்களுக்குள், குகை ஆனாலும் பாழடைந்த சுரங்கம் ஆனாலும், அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை யாரும் போகக் கூடாது என்பது இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். "இன்னும் குளிர் வரவில்லையே, வௌவால் ஒன்றையும் காணோம்" என்றார் வெளியில் நின்றவர்.

தம்பி சொன்னது இது. குளிர்காலத்தில் பூச்சி கிடையாது. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டுதான் வௌவால் வசந்தம் வரை ஓட்ட வேண்டும். உறக்கத்தில் இதயத் துடிப்பும் உடல் சூடும் அடியோடு இறங்கிக் கிடக்கும். வெளிச்சமோ, ஆள் அரவமோ, மூச்சின் வெதுவெதுப்போ அதை எழுப்பினால், உடம்பைச் சூடாக்கவே பல நாள் கொழுப்பு செலவாகிவிடும். எழுந்த வௌவாலுக்குத் தின்ன எதுவும் இல்லை. "நாம் போன பிறகு அது திரும்பத் தூங்கிவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. பிப்ரவரியில்தான் செத்து விழும்."

சந்துக்குள் இருந்தவர் வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "ஏப்ரலில் வரலாம்" என்றார் நண்பரிடம். மற்றவருக்கு மனம் இல்லை, ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்துவிட்டார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். குளிர்காலத் தடை பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. பொறுப்பாக ஒளிப்பவர்கள் இந்த ஆறு மாதமும் பட்டியலையே நிறுத்தி வைப்பார்கள். இதை ஒளித்தவர் பல வருஷமாக உள்ளே வந்த மாதிரியே தெரியவில்லை. தளத்தின் பரிசீலனையாளருக்கு எழுதிவிட்டேன்.

பத்தே முக்கால் பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது என்று நிறுத்தத்தில் இருந்த ஒரு வயதான தம்பதி போனில் பார்த்துச் சொன்னார்கள். ஒரு மணி நாற்பது நிமிஷம். ஃபிளாஸ்கிலிருந்து புதினா டீயை மூடியில் ஊற்றி முதலில் மகளுக்குத்தான் கொடுத்தார்கள். குளிருக்கு ஏதாவது செய்யலாம் என்று அவள் பையிலிருந்து குப்பைப் பையை எடுத்தாள். நிறுத்தத்தைச் சுற்றி பாட்டில் மூடி 31, சிகரெட் துண்டு எண்ணவில்லை, ஒரு ஒற்றைக் கையுறை. புதருக்குள் ஒரு பாட்டில் தெரிந்தபோது கையை நீட்டியவள் நின்று, ஒரு நீளக் குச்சியை எடுத்து, ரோட்டில் நின்றபடியே அதை இழுத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை.

அக்டோபர் 6, திங்கள் மாலை, ஹனோவர்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. பயணம் நேற்றே முடிந்துவிட்டது. ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஐலன்ரீடெ காட்டுக்குப் போனேன். ஊர் நடுவில் 640 ஹெக்டேர் அளவுக்கு விரிந்த காடு. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். அங்கே ஒரு பீச் மரத்தின் வேர்ப்பொந்தில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்களே ஒரு டப்பா ஒளித்தோம். எங்கள் முதல் டப்பா. மகள் மூடிமேல் ஆந்தை வரைந்திருந்தாள். பதிவுகளில் நல்ல பாராட்டு, பிள்ளைகளோடு வருபவர்கள் இருதயக் குறி போட்டிருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போய் நோட்டு மாற்றியிருக்கிறேன். டப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்று பாதையில் நின்று பார்த்தேன். நாங்கள் ஒளித்தபோது அங்கே தடம் கிடையாது, ஏப்ரலில் வெள்ளை அனிமோன் பூ விரிப்பாகக் கிடக்கும் இடம். இப்போது பாதையிலிருந்து மரம் வரை பதினைந்து மீட்டருக்கு மண் சிமெண்ட் மாதிரி இறுகி, இலை மக்குகூட நிற்காமல் ஒரு வழி. மரத்தைச் சுற்றி முழு வட்டம். வேரின் மேல்தோல் தேய்ந்து, ஓரிடத்தில் உள்மரம் மஞ்சளாகத் தெரிகிறது. அதை மகள் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது நம்மாலயாம்மா?" ஆமாம் என்றேன்.

டப்பாவை எடுத்தோம். நோட்டில் 214 பெயர். வீட்டுக்கு வந்து பட்டியலை மூடினேன், காரணத்தையும் எழுதினேன். பழைய பட்டியலை இறக்கி வைத்திருப்பவர்களுக்கு அம்பு இன்னும் கொஞ்ச நாள் அங்கேதான் காட்டும். அதனால் திரும்புவதற்கு முன், பக்கத்தில் புயலில் விழுந்து கிடந்த கிளைகளை இருவரும் இழுத்துவந்து தடத்தின் வாயில் குறுக்கே போட்டோம். புதிய டப்பாவுக்குப் பாதையோரம் ஓர் இரும்புக் கம்பத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். அதற்கு அனுமதி கேட்டு நகர வன அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. குறிப்பை மகள் இப்போதே எழுதிவிட்டாள்: "பாதையில் நின்றபடியே கை எட்டும். கம்பத்தின் பின்பக்கம், உங்கள் தோள் உயரம். செடிக்குள் இறங்க வேண்டாம்."

இவ்வளவு சொல்லிவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று தம்பி போனில் கேட்டான். மகள் போனைப் பிடுங்கி, "மாமா, ஏப்ரல்ல வாங்க, பூ வந்திருக்கான்னு தேடலாம்" என்றாள்.